அடுத்த வசனம்

ஜனவரி 6

என் அருமைத் தம்பிக்கு, அக்காவின் சலாம்.

நான் நல்லா இருக்கேன். காது மட்டும் எப்பவும் போல பிரஸ் மெஷினோட போயிருச்சு. போன்ல நீ பேசுறது தகர டப்பாவுக்குள்ள எறும்பு நடக்குற மாதிரி கேக்குது, அதான் கடுதாசி. வயிறு எரிஞ்சு எழுதுறேன், கையெழுத்து கோணலா இருக்கும். வயிறு எரியாதப்பவும் கோணல்தான்னு சொல்லுவே. சொல்லிக்கோ.

நேத்து பிரஸ்ஸுல எங்க மேசைக்கு மடிக்கிறதுக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. 'இவர்கள் வேதம் சொல்வதைப் பாருங்கள்'னு தலைப்பு. கீழே கொட்டை எழுத்துல ரெண்டே வரி. ஒண்ணு, 'கண்ட இடத்தில் கொல்லுங்கள்.' இன்னொண்ணு, 'மனைவியரை அடியுங்கள்.' அவ்வளவுதான். முன்னாடியும் ஒண்ணுமில்லை, பின்னாடியும் ஒண்ணுமில்லை. நாலாயிரம் தாள்.

மடிக்கமாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். முதலாளி வந்து நின்னாரு. "என்னம்மா, அச்சடிச்சதுதானே நான், எழுதினது நானா?"ன்னாரு. "எழுதினவன் பேர் போடலை ஐயா. அச்சடிச்ச உங்க பேர்தான் அடியில இருக்கு"ன்னேன்.

எங்க வேலையில ஒரு சூட்சுமம் இருக்கு. பதினாறு பக்கம் சேர்ந்த தாளை ஃபாரம்னு சொல்லுவோம். மடிச்சா அதோட முதுகுல ஒரு கறுப்புக் கோடு தெரியும். புத்தகத்தோட எல்லா ஃபாரத்தையும் வரிசையா அடுக்கினா அந்தக் கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி இல்லைன்னா ஒரு ஃபாரம் விட்டுப்போச்சு. உள்ளே படிச்சே பார்க்க வேண்டாம், அஞ்சாங்கிளாஸோட நின்ன நானே பிடிச்சிருவேன். அந்த நோட்டீஸைப் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. எவனோ படியைப் பிடுங்கியிருக்கான்.

எந்தப் படின்னுதான் எனக்குச் சொல்லத் தெரியலை. நீதான் வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசல்ல வகுப்பு எடுக்குற பெரிய மனுஷன் ஆச்சே. மிச்ச நாள்ல கண்ணாடிக் கடையில ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்றே. இந்த ரெண்டு வசனத்தையும் முழுசா, மேலயும் கீழயும் சேர்த்து எழுதி அனுப்பு. அதே தாள்ல அதே அளவுல பதில் நோட்டீஸ் அடிச்சுத் தர்றேன்னு முதலாளி வாக்கு குடுத்துட்டாரு.

உன் பொண்டாட்டிக்கு என் சலாமைச் சொல்லு. வழக்கம் போல கடுதாசிக்கு அடியில ரெண்டு வரி எழுதச் சொல்லு. உன் கடுதாசியில படிக்கிற மாதிரி இருக்குறது அது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் இருவரும் இறைவன் அருளால் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் இரத்தம் கொதித்தது.

முதல் வசனம் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஐந்தாவதாக வருவது. அது ஒரு போர்க்காலத்தில், செய்த உடன்படிக்கையை முறித்துத் தாக்கியவர்களைப் பற்றியது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியது அல்ல. அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையைக் காப்பாற்றியவர்களோடு நீங்களும் அதைக் காப்பாற்றுங்கள் என்கிறது. பிந்தைய வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? அந்த எதிரிகளிலேயே ஒருவன் உன்னிடம் அடைக்கலம் கேட்டு வந்தால், அடைக்கலம் கொடு. இறைவனின் வார்த்தையை அவன் கேட்கட்டும். பிறகு அவனைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. இதை வெட்டிவிட்டுத்தான் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன்: அடுத்த வசனத்தைப் படிக்காதவன், இந்த வசனத்தையும் படிக்காதவனே. இதையே தலைப்பாகப் போடச் சொல்.

விரிவாக எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது வசனத்தை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். காதுக்கு டாக்டரிடம் போ.

அன்புடன்,
தம்பி

அக்கா, சலாம். நகல் எடுத்தது நான். உங்கள் தம்பி மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருந்தார். மூன்று இடத்தில் புரியாமல் அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கும் புரியவில்லை!


பிப்ரவரி 1

என் தங்கமான தம்பிக்கு, அக்காவின் சலாம்.

சுகமா இருக்கேன். டாக்டர்கிட்ட போனேன். "மெஷின் பக்கத்துல நிக்காதீங்க"ன்னாரு. "மெஷினைத்தான் என் பக்கத்துல வைக்குறாங்க"ன்னேன்.

நீ எழுதினதை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சேன். என் சத்தம் எனக்கே கேட்டுச்சுன்னா பார்த்துக்கோ. மெஷின்காரர் மையைத் துடைச்சுக்கிட்டு வந்து, "கொல்லுன்னு சொன்னதுக்கு அடுத்த வரியிலயே பத்திரமா கொண்டுபோய் விடுன்னு இருக்கா? இதை ஏம்மா எங்களுக்கு யாரும் சொல்லலை?"ன்னாரு. அச்சடிச்ச கையே அது! எனக்கு வந்த கோவத்துக்கு அழுகையே வந்துருச்சு. எத்தனை வருஷமா ஒரே மேசையில டீ குடிக்கிறோம், இந்த மனுஷன் மனசுக்குள்ள நாம கொல்ற சாதின்னு ஒரு ஓரத்துல இருந்திருக்கு.

'பத்திரமான இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.' தம்பி, இந்த வரியை நினைச்சு நினைச்சு பார்க்குறேன். எதிரிக்கே இப்படின்னா!

இப்போ ரெண்டாவது. எங்க மேசையில தைக்குற அம்மாவுக்கு ஊசியக்கான்னு பேரு. நம்ம ஆளு இல்லை. என்னைப் பார்த்து, "உங்க வேதத்துல அடிக்கச் சொல்லியிருக்காமேடி?"ன்னா. நான் பதில் தேடுறதுக்குள்ள அவளே, "என் வீட்டுக்காரனுக்கு ஒரு வேதமும் தெரியாது. இருந்தும் நல்லாவே அடிக்கிறான்"ன்னா. எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்புறம் யாரும் யாரையும் பார்த்துக்கலை.

அந்த மேசைக்கு நான் பதில் சொல்லணும்டா. சீக்கிரம் எழுது. நகல் எடுக்குற மகராசிக்கு என் சலாம். அடுத்த தடவை ரெண்டு வரி பத்தாது, நாலு வரி வேணும்.

உன் அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு, சலாம்.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கடையில் வேலை அதிகம். இரண்டாவது வசனம் நுட்பமானது. அதை மேசையில் உட்கார்ந்து டீயோடு பேச முடியாது. முதல் வசனத்தை மட்டும் நோட்டீஸாகப் போடுங்கள், போதும்.

அவளுக்குச் சளி. காது அடைத்திருக்கிறது. அதனால் எழுதவில்லை.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு, சலாம்.

நான் சுகம். உன் கடுதாசிதான் சுகமில்லாம வந்திருக்கு. ஆறு வரி! நான் செருப்புக் கடை ரசீதுல இதைவிட அதிகம் படிச்சிருக்கேன்.

அது சரி, சளி பிடிச்சா மூக்கு ஒழுகும், காது அடைக்கும், ஒத்துக்கறேன். எழுதறது எதாலடா? காதாலயா? படுத்த படுக்கையில இருந்தப்பவே ஓரத்துல 'அக்கா, இன்னும் சாகலை'ன்னு எழுதி அனுப்பினவ அவ.

உன் கடுதாசி எல்லாத்தையும் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஒரு படி இல்லை. நான் கேட்ட ஒரு வசனத்துக்குப் பதில் இல்லை, எனக்குப் பிள்ளை மாதிரி இருக்குறவளோட ரெண்டு வரி இல்லை. ரெண்டும் ஒரே சமயத்துல காணாமப் போயிருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. படி இல்லைன்னுதான் சொல்றேன்.

அவளுக்குத் தனியா இன்னொரு கவர் அனுப்பியிருக்கேன். அதை அவளே பிரிக்கட்டும். எனக்கு எழுதணும்னா பிரஸ் விலாசத்துக்கு எழுதச் சொல்லியிருக்கேன், வீட்டுல பகல்ல ஆள் இல்லை பாரு.

ரெண்டாவது வசனம் எனக்கு வேணும். டீ குடிக்காமலே படிச்சுக்கறேன்.

அக்கா


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். நீ வற்புறுத்துவதால் எழுதுகிறேன்.

நான்காம் அத்தியாயம், முப்பத்து நான்காம் வசனம். மனைவி பிணங்கி நின்றால் முதலில் நல்ல அறிவுரை. பிறகு படுக்கையைப் பிரித்தல். இரண்டும் பலிக்காதபோது மட்டுமே அடி. அதுவும் காயம்படாமல், முகத்தைத் தொடாமல், பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியால் தொடுகிற அளவுக்கு என்று முற்காலப் பெரியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே இது அடியே அல்ல. வீட்டின் ஒழுங்குக்கான ஓர் அடையாளம். இதைப் புரியாதவர்கள்தான் நம் மார்க்கத்தைக் கொச்சைப்படுத்துகிறார்கள்.

இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்க வேண்டாம்.

அவள் நலம்.

தம்பி


ஏப்ரல் 9
(பிரஸ் விலாசத்துக்கு)

அக்கா, சலாம். உங்கள் காது எப்படி இருக்கிறது?

நான் நலம் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

உங்களுக்கு வந்த இரண்டாவது வசன விளக்கம் பிப்ரவரியிலேயே எழுதியது. நகல் எடுக்க என்னிடம்தான் கொடுத்தார். மிஸ்வாக் குச்சி வரைக்கும் எழுதிவிட்டு, "முதல் வசனத்துக்கு அடுத்த வசனத்தையும் போட்டீர்களே, இதற்கும் போடட்டுமா?" என்று கேட்டேன். அடுத்ததில் இருவருக்கும் பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் வீட்டிலிருந்து ஒரு நடுவரையும் அவள் வீட்டிலிருந்து ஒரு நடுவரையும் உட்கார வையுங்கள் என்று வருகிறது. "அது இங்கே தேவையில்லை" என்றார். "வகுப்பில் வேறு மாதிரி சொல்வீர்களே" என்றேன். என் குரலில் கேலி இருந்தது என்று பிறகு சொன்னார். இருந்திருக்கலாம். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அது பிப்ரவரி எட்டாம் தேதி. இடது காது. முதல் தடவை இல்லை, ஆனால் மற்ற தடவைகள் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்தத் தடவை சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். கதவு இடித்தது என்று நானே சொன்னேன். டாக்டர் கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்போம். நானும் எடுக்கிறேன். இப்போது அவர் வலது பக்கம் வருகிற மாதிரி உட்கார்கிறேன்.

என் வீட்டிலிருந்து வர ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா போனதோடு எல்லாம் போயிற்று. அதனால்தான் அந்த வசனம் கண்ணில் பட்டதோ என்னவோ.

அவரிடம் சொல்லிவிடாதீர்கள் அக்கா. எழுதியதே போதும்.


ஏப்ரல் 14

என் கண்ணு, அக்காவோட சலாம் உனக்கு மட்டும்.

உன் கடுதாசியை மடிக்கிற மேசையிலேயே நின்னு படிச்சேன். ஊசியக்கா "என்னடி ஆச்சு?"ன்னா. தாள் கையை வெட்டிருச்சுன்னேன். அவ என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தா, ரத்தத்தைக் காணோம். ஒண்ணும் கேக்காம எனக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டா.

ரெண்டாவது வசனம் எங்கே எங்கேன்னு நச்சரிச்சது நான். கேட்டது நான், வாங்கினது நீ. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்குறதுன்னு தெரியலை.

எனக்குத் தெரியவேண்டியது ஒண்ணே ஒண்ணு. நான் அவன்கிட்ட சொல்லட்டுமா? நீ வேண்டாம்னா என் வாயைத் தைச்சுக்கறேன், தையல் எனக்குப் பழக்கம்தான். ஆனா சொன்னாலும் சொல்லாட்டியும் நீ தனியா இல்லை. நீ சொல்ற வரைக்கும் ஒரு வரி எழுதமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா, சலாம்.

சொல்லுங்கள்.


ஏப்ரல் 26

தம்பிக்கு.

இத்தனை வருஷத்துல சலாம் இல்லாம நான் ஆரம்பிக்குற முதல் கடுதாசி இது. சலாமை அடியில வெச்சிருக்கேன், அது உனக்கு இல்லை.

என் உடம்பு நல்லா இருக்கு. உன் உடம்பும் நல்லா இருக்கும், அடிச்ச உடம்புக்கு என்ன குறை?

எனக்கு எல்லாம் தெரியும். அவளைப் போய்க் கேக்காதே, என்னைக் கேளு. அவ சம்மதிச்சுத்தான் எழுதுறேன். இதுக்காக அவ மேல ஒரு விரல் பட்டுச்சுன்னா, நான் பஸ்ஸுல வரமாட்டேன், உன் வகுப்புல பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கானுங்களே, அத்தனை பேருக்கும் கடுதாசியில வருவேன். எங்க பிரஸ்ஸுல நாலாயிரம் அடிக்கிறது ஒரு மத்தியான வேலை.

மிஸ்வாக் குச்சின்னு எழுதியிருந்தியே, மார்க்கம் கரைச்சுக் குடிச்ச ஆலிம் பெருமானே. அது பல்லு விளக்குற குச்சி. அது காதுல எப்படிடா போச்சு? முகத்தைத் தொடக்கூடாதுன்னு நீயே எழுதியிருக்கே. காது இப்போ முதுகுலயா இருக்கு? என் காதை இருபது வருஷமா மெஷின் தின்னுச்சு. இரும்பு, அதுக்கு அறிவு இல்லை. அவ காதை நீ ஒரே அடியில தின்னிருக்கே.

நோட்டீஸ் போட்டவன் மேல நான் எப்படிக் கொதிச்சேன்! நீயும் இரத்தம் கொதிச்சுதுன்னு எழுதினே. இப்போ ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்குறேன். அவன் அந்த வசனத்தை எங்க வெட்டினானோ, கிட்டத்தட்ட அங்கேயேதான் நீயும் வெட்டியிருக்கே. கத்தரி ஒண்ணுதான். அவன் பேர் போடாம வெட்டினான், நீ தொப்பி போட்டுக்கிட்டு வெட்டினே. அவன் நம்மளைத் தெரியாதவன். நீ அவ சமைச்சதைச் சாப்பிட்டுட்டு வெட்டினே.

எங்க ஏரியாவுல பொண்ணுங்களுக்கு ஓதிக்கொடுக்குற டீச்சரம்மாகிட்ட போய் உட்கார்ந்து முழுசா படிச்சுக் காட்டச் சொன்னேன். அந்த வசனம் குச்சியோட முடியலை. அவங்க இணங்கிட்டா அவங்களுக்கு எதிரா வேற வழி தேடாதீங்கன்னு இருக்கு, அல்லாஹ் உயர்ந்தவன், பெரியவன்னு முடியுது. பெரியவன்னு யாரைப் பார்த்துச் சொல்றான்? அடி வாங்குறவளுக்கு அது தெரியும்டா. கை ஓங்குறவனைப் பார்த்துச் சொல்றான். அந்த அடிங்குற வார்த்தைக்கு ஆலிம்கள் ஆயிரம் விளக்கம் சொல்றாங்களாம், சொல்லிக்கட்டும். நம்ம ரசூல் தன் கையால ஒரு பொம்பளையையும், வேலைக்காரங்களையும் அடிச்சதே இல்லைன்னு டீச்சரம்மா சொன்னாங்க. அதை நம்ம அம்மாவும் சொல்லியிருக்காங்க, நீயும் பக்கத்துலதான் உட்கார்ந்து கேட்டே. வேதத்தைக் கொண்டுவந்தவருக்குத் தெரியாத அர்த்தம் உனக்குத் தெரிஞ்சுபோச்சா?

முதல் வசனத்துக்கு நீ எழுதினது அச்சாகி நாலாயிரமும் போயிருச்சு. அதுல ஒரு எழுத்தைக்கூட குறை சொல்லமாட்டேன். நல்லா எழுதியிருக்கே, அதுதான் எனக்கு ஆறலை. தெரியாதவன்னா மன்னிச்சிருப்பேன். ரெண்டாவதுக்கு நீ எழுதின தாளை இத்தோட திருப்பி அனுப்பியிருக்கேன். அந்தக் கை எழுதினதை எங்க மேசையில யாரும் மடிக்கமாட்டோம். டீச்சரம்மா எழுதித் தர்றேன்னு இருக்காங்க. நீ வேண்டாம்னு சொன்ன அந்த அடுத்த வசனமும் அதுல வரும்.

அதை என்னை மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க. அவன் வீட்டுல இருந்து ஒரு நடுவர், அவ வீட்டுல இருந்து ஒரு நடுவர். மூணாம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில பஸ்ஸுல வர்றேன். ஊசியக்காவும் கூட வர்றா, பை தூக்க. நீ நினைச்சுக்கிட்டு இருப்பே, அக்கா நம்ம வீட்டு ஆளுதானேன்னு. நான் அவ வீட்டு ஆளா வர்றேன். உன் வீட்டு ஆளை நீ தேடிக்கோ.

பேசி முடிக்கிற வரைக்கும் அவ என்கூட இருப்பா. முடியலைன்னாலும் என்கூடத்தான். எதிரியையே பத்திரமான இடத்துல கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருக்குன்னு நீதான் எனக்கு எழுதினே. இவ உன் பொண்டாட்டி. ரெண்டு செவிடும் ஒரே வீட்டுல சத்தம் போட்டுப் பேசிக்குவோம், தெருவே கேக்கட்டும்.

துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு.

அவளுக்கு என் சலாமைச் சொல்லு. வலது காதுல சொல்லு.

அக்கா